வேற யார் பாத்தது?

பெரியம்மாவை லொறி மோதியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொலிஸிலும் இப்படித்தான் சொன்னேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அதே வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். வேலை பண்டாரவளையில், ஒரு பாமசியில், மருந்து எடுத்துக் கொடுப்பது. ஞாயிறு அங்கே சந்தை நாள் என்பதால் கடை திறந்திருக்கும். தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் வந்து, தோட்டத்து ரோட்டைப் பிடித்து, கீழே மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறுவேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு அது. பனி அப்படி இறங்கியிருந்தது. முன்னால் நீட்டிய கையே மங்கலாகத் தெரிந்தது. நான் குறுக்குப் பாதையின் கடைசிப் படிகளில் இருந்தேன். கீழே ரோட்டில் ஒரு லொறி இறங்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தம். மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. உடனே பிரேக் போட்டதில் டயர் சரளைக் கல்லில் அரைபட்டது. நான் ஓடிவந்து ரோட்டில் கால் வைத்தபோது, பனிக்குள் இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் எரிந்துகொண்டிருந்தன. சில அடி தூரத்தில் லொறியின் பின்பக்கம். நீலத் தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடி, அதை ஒரு மஞ்சள் சீலைத் துண்டால் முடிந்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. லொறி போய்விட்டது.

ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் பெரியம்மா கிடந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை, கீழ் லயத்தில் இருப்பவர். தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கொழுந்து எடுக்கிறவர். வேலையில்லாத நாள் என்பதால் ரோட்டுக் கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார். பாண் நனைந்து பக்கத்தில் கிடந்தது. தலையில் இரத்தம். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் கத்தினேன். லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"என்னாச்சு? விழுந்துருச்சா?" என்று கேட்டார்கள்.

"லொறி இடிச்சிட்டுப் போயிருச்சு" என்றேன்.

"யார் லொறி?"

நான் குனிந்து பெரியம்மாவின் தலையில் துணியை வைத்து அழுத்தினேன். அந்த மஞ்சள் சீலை என் அக்காவின் சீலை. அதை அவள் கிழித்தது எங்கள் வீட்டு வாசலில்தான், என் கண் முன்னால். மச்சான் படங்கு கட்ட ஒரு துணி கேட்டார். நைந்துபோன சீலையை அவள் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்துக் கொடுத்தாள்.

மச்சான் என்பது அக்காவின் கணவர். மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஹல்துமுல்லையில் ரோட்டோரமாக வீடு. தோட்டங்களில் மரக்கறி ஏற்றிப் பண்டாரவளைக்குக் கொண்டுபோவார். நல்ல மனுஷன். நாங்கள் இரண்டும் பெண்பிள்ளைகள், அப்பா செத்தபோது ஒரு மகன் செய்யவேண்டியதையெல்லாம் முன்னால் நின்று செய்தவர் அவர்தான். இப்போது எழுதும்போதும் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

பெரியம்மாவைத் தோட்டத்து வேனில் ஏற்றி அனுப்பினோம். அன்றே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் ஆமாம் என்று சொன்னால், நானும் கூடவே பொலிஸுக்குப் போவேன். பனியில் தெரியவில்லை, பயந்துவிட்டார் என்று நானே சொல்வேன்.

"மச்சான், காலையில எங்க தோட்டத்துப் பக்கம் வந்தீங்களா?"

"இல்லையே. இன்னைக்கு அந்தப் பக்கமே போகலையே" என்றார். சோற்றைப் பிசைந்த கை நிற்கவில்லை.

அக்கா குழம்புச் சட்டியோடு வந்தாள். "ஏன் கேக்குற?"

பெரியம்மா அடிபட்டதைச் சொன்னேன். மஞ்சள் சீலையையும் சொன்னேன்.

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள். "இடிச்சத நீ பாத்தியா?"

"இல்ல."

"லொறி நம்பர பாத்தியா?"

"இல்ல."

"பனிக்குள்ள ஒரு மஞ்சத் துணியப் பாத்தேன்னு வந்து, சாப்பிடுற மனுஷன்கிட்ட கேக்குற."

மச்சான் கை கழுவ எழுந்துபோனார். அவர் என்னைப் பார்த்துக் கோபப்பட்டிருந்தால் நான் கண்டதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். கோபப்படவில்லை. முகத்தைக் காட்டாமல் போனார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பொலிஸுக்குப் போனேன். சார்ஜன்ட் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். நான் சொன்னதையெல்லாம் எழுதினார். சத்தம், பிரேக், சிவப்பு வெளிச்சம், நீலப் படங்கு, மஞ்சள் துணி, அது அக்கா மச்சானுக்குக் கிழித்துக் கொடுத்த சீலை என்பது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேற யார் பாத்தது?"

"யாரும் இல்ல சேர். நான் மட்டும்தான்."

"டிரைவர் ஒங்க மச்சான். அப்ப ஏன் சொல்றது? வீட்டுல சண்டை ஏதும் இருக்கா?"

சண்டை இருந்தது. அப்பாவின் லயத்து வீட்டைத் தன் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி மச்சான் கேட்டிருந்தார். நான் முடியாது என்றேன். அது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. ஆமாம் என்று சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் மறுபடி பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். நான் சொன்ன உண்மையெல்லாம் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வேறு நிறம் ஆகிவிட்டதை அப்போதே உணர்ந்தேன்.

மச்சானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்று அந்த ரோட்டில் போகவே இல்லை என்றார். லொறியைப் பார்த்தார்கள். பழைய லொறி, முன்பக்கம் முழுக்கப் பழைய நெளிவுகள். மழை வேறு பெய்திருந்தது. படங்கில் புதுக் கயிறு கட்டியிருந்தது.

பெரியம்மாவைப் பார்க்க பதுளைக்குப் போனேன். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. தலையில் தையல் போட்டிருந்தார்கள். கொழும்பில் கார்மென்டில் வேலை செய்யும் மகள் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பெரியம்மாவுக்குக் கடைக்குப் போனது நினைவிருந்தது. திரும்பி நடந்தது நினைவில்லை.

"நான் விழுந்துட்டேனாம்மா" என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. "பிரஷர் இருக்குல்ல. குளிசைய ஒழுங்கா போடுறதில்ல. தலை சுத்தி விழுந்திருப்பேன். இந்தப் புள்ள பாவம், வேலைய விட்டுட்டு வந்து கெடக்குது. என்னாலதான்."

"நீங்க விழல பெரியம்மா. லொறி இடிச்சது."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். லொறிக் கதை வீட்டுச் சண்டையில் நான் கட்டியது என்று நினைத்து, தோட்டத்து ஆட்கள் அவளிடமும் விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தார்கள். அடுத்த தடவை நான் போனபோது பெரியம்மா பழையபடி, "விழுந்து வச்சு எல்லாருக்கும் கரைச்சல் குடுத்துட்டேன்" என்றார். நான் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டார். நர்ஸிடம் கேட்டார், மகளிடம் கேட்டார், பழம் வாங்கிப்போன என்னிடம் கேட்டார்.

அதைவிட மோசம் என்னவென்றால், எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. பெரியம்மாவுக்குப் பிரஷர் இருப்பது உண்மை. குளிசை எங்கள் பாமசியில்தான் வாங்குவார், ஒழுங்காகப் போடமாட்டார். தலை சுற்றிக் கானில் விழுந்த சத்தம்தானோ நான் கேட்டது? அதைப் பார்த்துத்தான் லொறிக்காரர் பிரேக் போட்டாரோ? அந்தத் துணி மஞ்சள்தானா? பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கத் துணியின் நிறம் வெளுத்துக்கொண்டே போனது. ஒரு விஷயத்தை ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்போல. கூட ஒருவர் இருந்திருந்தால், "ஆமா, மஞ்சள்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நான் தூங்கியிருப்பேன்.

பாமசிக்கு மருந்து வாங்க வரும் ஒரு பெண் சட்டத்தரணி இருந்தார். ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சட்டப்படி ஒரு சாட்சி இருந்தாலே போதும். இத்தனை பேர் வேணும்னு கணக்கு இல்ல" என்றார். "ஆனா அந்த ஒருத்தர நம்ப முடியணும். ஒங்களுக்கும் அவருக்கும் மனஸ்தாபம் இருக்கு. அதனால ஒங்க பேச்சத் தாங்குற மாதிரி வெளியில இருந்து ஏதாவது வேணும். அதத்தான் ஒத்துறுதின்னு சொல்றது."

"இன்னொருத்தர் இடிச்சதப் பாத்திருக்கணுமா மிஸ்?"

"அவசியமில்ல. அவர் அன்னைக்கு அந்தப் பக்கம் போகவே இல்லைங்கிறாருல்ல? போனாருன்னு சம்பந்தமில்லாத ஒருத்தர் சொன்னா, அதுவே பெருசு." அவர் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கவனம். யாரையாவது கண்டுபிடிச்சா, நீங்க பாத்தத அவங்ககிட்ட சொல்லிறாதீங்க. சொல்லிட்டீங்கன்னா, அது ஒங்க சாட்சிதான். அவங்க வாயில வரும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு லயம் லயமாக விசாரித்தேன். அந்த ஞாயிறு காலையில் ரோட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள்? பனியில் யாரும் வெளியே வரவில்லை என்றார்கள். சிலர் நான் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். சொந்த மச்சானைப் பிடித்துக்கொடுக்க ஆள் தேடுகிறாள் என்ற பேச்சு வந்துவிட்டது. அக்கா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கொடியில் புதுப் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அழகாக இருக்கிறதே என்று சும்மா சொன்னேன்.

"நானாகிட்ட எடுத்தது. பெரியம்மா அடிபட்ட அன்னைக்கு வந்தாருல்ல, அப்ப."

நானா என்பது பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. வேனில் துணி கொண்டுவந்து தோட்டங்களில் விற்பார். அவர் எங்கள் லயத்துக்கு வரவேண்டுமானால் அந்த ரோட்டைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடைக்குப் போனேன். வாசலில் கவுன்களும் பள்ளிச் சட்டைகளும் தொங்கின. என்னைப் பாமசியில் பார்த்திருக்கிறார். உட்காரச் சொன்னார். தோட்டத்தில் ஒரு மனுஷி விழுந்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். லொறியைப் பற்றி நான் சொல்லவில்லை.

"நானா, கார்த்திகையில பனி கடுமையா இருந்த ஒரு ஞாயித்துக்கெழம எங்க தோட்டத்துக்கு வந்தீங்களாம். வர்ற வழியில ஏதாச்சும் பாத்தீங்களா?"

"என்னத்த தங்கச்சி?"

"ஏதாச்சும்."

அவர் யோசித்தார். எனக்கு வாய் துடித்தது. லொறி என்று ஒரு சொல், மஞ்சள் என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் அவருக்கு உடனே நினைவு வரும். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பனி என்டா அப்பிடிப் பனி" என்றார் கடைசியில். "ஓட்ட ஏலாம கீழ மதகுக்கிட்ட வேன ஓரமா போட்டுட்டு இருந்தேன். அங்க ஒரு மரக்கறி லொறி வந்து நின்டுச்சி. டிரைவர் எறங்கி முன்னுக்குப் போயி, குனிஞ்சி பாத்துட்டு நின்டார். பிரேக் டவுன் போலன்டு நெனச்சி, 'என்ன தம்பி, ஒதவி வேணுமா?' என்டு கேட்டேன். 'இல்ல நானா, ஒரு நாய் குறுக்க வந்துருச்சு' என்டு சொன்னார். கை நடுங்கிச்சி. ஒரு நாய்க்கு இப்பிடி நடுங்குறாரே என்டு நெனச்சேன்."

நான் நாற்காலிக் கையை விடவில்லை.

"பின்னால பச்சப் படங்கு போட்டிருந்திச்சி. அதக் கட்டினது பழைய மஞ்சச் சீல. ஓரத்துல சின்னச் சின்னப் பூ. அந்த டிசைன் நான் ஒரு காலத்துல நெறைய வித்திருக்கேன், அதான் ஞாபகம்."

படங்கு நீலம். அவர் பச்சை என்றார். ஆனால் ஓரத்துப் பூவை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொலிஸிலும் சொல்லவில்லை. நான் மறந்தே போயிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் அக்கா அந்தச் சீலையைக் கட்டிக்கொண்டு நான் படிக்கும் காலத்தில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாள் தேடிய வார்த்தை கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். நானா வெகுநேரம் மேசையில் கிடந்த துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"நாங்க யாவாரம் செய்யிற ஆக்கள் தங்கச்சி. தோட்டத்து ஆக்கள்ட பிரச்சினையில போயி நின்டா, நாளைக்கு வேனக் கண்டா யாரு கதவத் தொறப்பாங்க?"

"வற்புறுத்த மாட்டேன் நானா."

"அந்த மனுசி எழும்பி நடக்குறாவா?"

"இல்ல. தான் விழுந்துட்டதா நெனச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரம் தானாகவே பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார். படங்கு பச்சை என்றே சொல்லியிருந்தார். நிறம் மாறியதே என்று நான் பயந்தேன். சட்டத்தரணி சிரித்தார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் பயப்படணும். சேர்ந்து பேசி வச்ச மாதிரி இருக்கும்."

மச்சானுக்கு அறிவித்தல் வருவதற்கு முன் அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனேன். மச்சான் இல்லை. அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்.

"அக்கா, ஒருத்தர் லொறியப் பாத்திருக்காரு. மதகுக்கிட்ட. மச்சான்கிட்ட பேசியும் இருக்காரு."

"எவனோ பொய் சொல்றான்."

"நாய் ஒன்னு குறுக்க வந்துருச்சுன்னு மச்சான் சொன்னாராம்."

அக்காவின் முகத்தில் அந்த நேரம் நடந்ததை இன்னும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்தாள்.

"நாயின்னா சொன்னாரு?"

"ஆமா."

"அன்னைக்கு மத்தியானம் வந்ததும் எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு" என்றாள் மெதுவாக. "மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. என்னங்கன்னு கேட்டேன். ஒரு நாய் அடிபட்டுருச்சுன்னாரு. பாவமேன்னு சொன்னேன். பின்னேரம் நீ வந்து கேட்டப்ப, அந்தப் பக்கமே போகலைன்னாரு. நாய் வேற எங்கேயோ அடிபட்டுச்சுன்னு நெனச்சேன். அப்படித்தானே நெனப்பேன்? என் புருஷன்தானே?"

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீ ஏன் இத வந்து எங்கிட்ட சொன்ன?" என்று கேட்டாள். "கோர்ட்டுல சொல்லிருந்தா போதாதா? நான் வீட்டுலயே இருந்திருப்பேன். எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எங்கும் சாட்சி சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் என் மூன்றாவது சாட்சி அவள்தான். அவள் நிலையைப் பிடித்த அந்த நொடிக்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நானா அடையாளம் காட்டியதும் மச்சான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கு நீளவில்லை. நான் கூண்டில் ஏறவேண்டி வரவில்லை. லைசன்ஸைப் பறித்தார்கள், அபராதம் போட்டார்கள், பெரியம்மாவுக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள், சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். மச்சான் இப்போது பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறார்.

பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கோல் ஊன்றித்தான் நடக்கிறார், மலையில் ஏற முடியாது. கோர்ட்டில் நடந்ததை மகள் அவரிடம் சொன்னபோது நானும் இருந்தேன்.

"அப்ப நான் விழலையா?" என்றார்.

"விழல பெரியம்மா."

"அவரே சொல்லிட்டாரா?"

"அவரே சொல்லிட்டாரு."

பெரியம்மா உடைந்த பக்கத்துக் காலைத் தடவினார். பிறகு முதன்முறையாகக் கோபப்பட்டார். "நின்னு ஒரு கை தூக்கிவிட்டுருக்கலாம்ல? தெரிஞ்ச பய தானே?" என்று சத்தம் போட்டார். அதன் பிறகு அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் மச்சான் என்னிடம் வந்தார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நாயின்னுதான் நெனச்சேன்" என்றார். "சத்தியமா. பிரேக் போட்டேன், கண்ணாடியில பாத்தேன், பனியில ஒன்னும் தெரியல. அந்த எடத்துல எறங்கிப் பாக்கப் பயமா இருந்துச்சு. நாயின்னே நெனச்சுக்கிட்டு போயிட்டேன். நீ வந்து சொன்னப்பதான் தெரியும். அப்ப வாய் வரல."

நான் தலையாட்டினேன். அது உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. லொறியில் அவர் தனியாகத்தான் இருந்தார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று சொல்ல வேறு யாரும் இல்லை, எந்த நானாவும் எந்த ரோட்டோரத்திலும் அதைப் பார்த்திருக்க முடியாது.

அவர் முன்னால் நடந்தார். அக்கா என்னைத் தாண்டும்போது நின்றாள். வழக்குத் தொடங்கிய பிறகு அன்றுதான் என்னோடு பேசினாள்.

"நீ நம்புறியா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்றாள். "நான்தான் அவரோட இருக்கணும்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவருக்கு ஓரடி பின்னால், பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.